விரல் படித்த தமிழ்: எல்லையோரக் குழந்தைகளும் கற்றல் கருவிகளும்

நம் சங்கத்து மலருக்கு நான் இதுவரை எழுதிக் கொடுத்ததெல்லாம் கல்வெட்டு, ஓலைச்சுவடி, சமணப் பள்ளி என்று ஒரே வட்டத்துக்குள் இருந்தது. இந்த ஆண்டு மலர்க் குழுவினர் கடைக்கு வந்து, "நயினாரே, எப்பவும் பழசையே எழுதறீங்க. பிள்ளைங்களுக்கு உபயோகமா ஏதாச்சும் எழுதுங்க" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். என் மேசை இழுப்பறையில் 1999-ஆம் ஆண்டு முதல் ஓர் அட்டை கிடக்கிறது. தமிழ் எழுத்துக்கள் அதில் புள்ளிகளாகக் குத்தப்பட்டிருக்கின்றன. அந்த அட்டையை வைத்துக்கொண்டே எழுதலாம் என்று தோன்றியது. அதுவும் ஒருவகைச் சுவடிதானே.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பட்டம் வாங்கிய ஆய்வாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1978-ல் பாலக்காட்டுக்கு வந்து, ஜவுளிக் கடையில் கணக்கெழுதி, பிறகு சொந்தக் கடை வைத்தவன். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், மூணாறு, குமுளி என்று பாக்கி வசூலுக்குப் போன ஊர்களில் கண்டதும் கேட்டதும், கடை சாத்திய பிறகு படித்ததும்தான் என் படிப்பு.

எனக்கு ஐந்து வயது இளையவள் ஒரு தங்கை. மூன்று வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போயிற்று. எங்கள் அப்பா மாலை நேரத்தில் உரக்கப் படிப்பார். அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக் கேட்டே நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடம் பண்ணிவிட்டாள். நான் பார்த்துப் படித்தும் தப்பு விடுவேன்; அவள் திருத்துவாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, "கண்ணு தெரியாத பொண்ணுக்குப் பலகை எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அதோடு விட்டுவிட்டார். சமணர்களுக்கு ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நான்கு தானங்கள் உண்டு. நூல் கொடுப்பது சாத்திர தானம். மடத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த எங்கள் வீட்டில், கூடவே உட்கார்ந்திருந்த குழந்தைக்கும் அந்தத் தானம் சேரவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது நடந்தது 1970-ஐ ஒட்டிய காலம். பார்வையற்ற குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி தமிழ்நாட்டில் தொடங்கி அப்போதே 80 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது எங்களுக்குத் தெரியாது.

மாற்றுத் திறன் கொண்ட குழந்தைகள் வகுப்பறையில் பயன்படுத்தும் கருவிகளின் வரலாற்றை, விரல், காது, வாய் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். மூன்றிலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கருவிக்கு அந்தக் குழந்தையின் வீட்டு மொழி தெரியுமா? மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது மிக முக்கியமான கேள்வி.

எல்லைக் கோடும் இரண்டு எழுத்தும்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்கு வந்தது. கொச்சி அரசில் இருந்த சித்தூரும், திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களும் கேரளத்திலேயே நின்றன. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானது. கோடு போட்டார்கள், மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்து வயல்களிலும் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று மூன்று நான்கு தலைமுறை ஓடிவிட்டது.

அதே 1956-ல் அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்து தரவேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி எல்லையோரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேரள அரசு தமிழிலும் பாடநூல் அச்சிடுகிறது. 2017-ல் வந்த சட்டத்தின்படி மலையாளமும் படிக்க வேண்டும். கண்ணும் காதும் நன்றாக உள்ள பிள்ளைக்கு இது ஒரு பாரமே இல்லை. இரண்டு மொழியும் வந்தால் நல்லதுதான். கருவியின் துணையோடு படிக்கும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

விரல்

பிரான்ஸ் நாட்டில் 1809-ல் பிறந்த லூயி பிரெயில், சிறு வயதில் தகப்பனாரின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை இழந்தவர். 1824-ல், 15 வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுதும் முறையை வகுத்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தெந்தப் புள்ளி மேடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து 63 வடிவங்கள் கிடைக்கும். விரல் நுனி ஒரே தொடுதலில் அறியக் கூடிய அளவுக்குள் அது அடங்கியிருப்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

நம் நாட்டில் 1887-ல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்ற அம்மையார் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். மூன்றே ஆண்டில், 1890-ல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியில் தமிழுக்கென ஒரு புள்ளி முறை உருவாயிற்று. மற்ற மொழிகளுக்கும் ஆங்காங்கே ஆசிரியர்கள் தமக்குத் தோன்றியபடி முறைகளை வகுத்தார்கள். ஒருவர் முறை மற்றவருக்குப் புரியாது. ஓர் ஊரில் அச்சிட்ட புத்தகம் இன்னோர் ஊரில் பயன்படாது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய அரசு யுனெஸ்கோவிடம் இதைக் கொண்டு போயிற்று. 1951-ல் பெய்ரூட்டில் மாநாடு கூடியது. அதே ஆண்டில் பாரதி பிரெயில் என்ற பொது முறை ஏற்கப்பட்டது; டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் தொடங்கியது.

இந்தப் பாரதி பிரெயிலைத்தான் நான் 1999 ஓணச் சமயத்தில் என் கடையில் கண்டேன். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் வேட்டி எடுக்க வந்தார். விலை சொல்லச் சொல்ல, பையிலிருந்து ஒரு சட்டப் பலகையும் ஊசியும் எடுத்து, கெட்டித் தாளில் டக் டக்கென்று குத்திக் கொண்டார். கூட்டம் குறைந்த பிறகு உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கேட்டேன். "தமிழுக்கும் இதே தான் சேட்டா, மலையாளத்துக்கும் இதே தான்" என்றார். நான் நம்பவில்லை. பிறகு நாலைந்து முறை வந்து எழுத்தெல்லாம் சொல்லிக் கொடுத்தார். அப்படிக் குத்தியதுதான் என் இழுப்பறை அட்டை.

அவர் சொன்னது சரி. பாரதி பிரெயிலில் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்று. தமிழ் 'க'வுக்கும் மலையாள 'க'வுக்கும் 1, 3. இரண்டு மொழி 'ம'வுக்கும் 1, 3, 4. நம்முடைய தனிச்சொத்து என்று பெருமைப்படும் 'ழ'கூட மலையாளத்துக்கும் உண்டல்லவா, அதற்கும் ஒரே குறி. கண்ணால் படிக்கும் பிள்ளை தமிழ் ஒன்று, மலையாளம் ஒன்று என்று இரண்டு நெடுங்கணக்கு கற்க வேண்டும். விரலால் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கற்றால் மற்றதில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். தமிழில் இல்லாத வர்க்க எழுத்துக்களை மட்டும் கூடுதலாகக் கற்றால் போதும். சுனீதி குமார் சட்டர்ஜி போன்ற மொழியறிஞர்களும் உடனிருந்து செய்த இந்த ஏற்பாடு, எல்லையோரப் பிள்ளைக்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது.

சுவடி படித்த எனக்கு இன்னொன்று வியப்பாக இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிக் கிழியும். ஆகவே ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பிரெயிலிலோ எழுத்து முழுவதுமே புள்ளி. மெய்யைக் காட்டும் புள்ளிக்கு 4 என்று தனிக் குறி; அது எழுத்துக்கு முன்னால் வரும். அம்மா என்று எழுத அ, புள்ளி, ம, ம, ஆ என்று ஐந்து கட்டம். கொம்பு, கால், சுழி எதுவும் கிடையாது. 'கொ' என்றால் 'க' போட்டு அடுத்து 'ஒ', அவ்வளவுதான். 247 எழுத்து என்று நாம் மலைக்கிற இடத்தில் முப்பத்துச் சொச்சம் குறிகளே போதும். பார்வையுள்ள ஒரு தாய் தகப்பன் ஒரு மாதம் மாலை நேரத்தில் உட்கார்ந்தால் கண்ணாலேயே இதைக் கற்றுவிடலாம். நான் கற்றேனே.

ஆனால் விரலால் படிப்பதற்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம் வேண்டும். அந்த வருஷம் தீபாவளிக்குத் தங்கை பாலக்காடு வந்தாள். அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அப்போது அவளுக்கு வயது 35. நாற்று நட்டு, மாவரைத்துக் காய்ப்புப் பிடித்த விரல். பத்து நாள் முயன்றாள். அ வந்தது, க வந்தது, மற்றதெல்லாம் ஒரே மேடாக இருக்கிறது என்றாள். "இந்த அ எனக்கு ஆறு வயசுல கெடைச்சிருக்கணும் அண்ணா" என்று சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை.

சட்டப் பலகையில் எழுதுவது குழந்தைக்கு எளிதல்ல. தாளின் பின்பக்கத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக, எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பி எழுத வேண்டும். எழுதியதைத் தொட்டுப் பார்க்கத் தாளைப் புரட்டவேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க 1951-ல் அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளியிலிருந்து ஆறு விசைத் தட்டச்சுப் பொறி ஒன்று வந்தது. டேவிட் ஆபிரகாம் என்பவர் வடிவமைத்தது. இடமிருந்து வலமாக அடித்துக் கொண்டே போகலாம். அடித்ததும் விரலால் தடவிப் பார்க்கலாம். நம் வேலூருக்குப் பக்கத்தில், காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்ட் தொழிற்கூடத்தில் இந்தப் பொறியைச் செய்திருக்கிறார்கள். வடஆற்காட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் தனிப் பெருமை. கணக்குக்கு டெய்லர் சட்டம் என்று ஒன்று உண்டு. எண்கோண ஓட்டைகளில் சிறு ஈயக் கட்டைகளைத் திருப்பி நட்டால் திசையைப் பொறுத்து எண் மாறும்.

பாலக்காடு மாவட்டத்திலேயே ஸ்ரீகிருஷ்ணபுரம் பக்கம் கோட்டப்புறத்தில் ஹெலன் கெல்லர் நூற்றாண்டு நினைவு மாதிரிப் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. கண்ணும் காதும் இழந்தும் கல்லூரிப் பட்டம் பெற்ற ஹெலன் கெல்லர் 1880-ல் பிறந்தவர்; 1955-ல் இந்தியாவுக்கு வந்து பல ஊர்களில் பேசினார். நம் ஊருக்கு இத்தனை அருகில் அவர் பெயரில் ஒரு பள்ளி இருப்பது சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியவில்லை. கடையில் பேச்சுக் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு சிக்கலை மட்டும் இங்கே குறித்துவிட வேண்டும். எழுத்து பொதுவாக இருக்கலாம், பாடத்திட்டம் பொது அல்ல. தமிழ்நாட்டுப் பாடநூலைப் பிரெயிலில் அச்சிட்டு இங்கே கொண்டுவந்தால், கேரளத் தமிழ்வழி வகுப்பில் அது வேறு பாடம். கேரளத்து மலையாளப் பிரெயில் நூல் வேறு மொழி. நடுவில் நிற்கும் பிள்ளைக்காகக் கேரளத் தமிழ்ப் பாடநூலையே பிரெயிலாக்க வேண்டும். பாடநூல் கணினியில் யூனிகோடு எழுத்தில் இருந்தால், பிரெயிலாக மாற்றுவது மென்பொருளுக்குச் சில நிமிட வேலை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அச்சுத் தமிழைக் கணினியே படித்து எழுத்தாக்கும் மென்பொருளும் செய்திருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

காது

காது கேளாதோருக்கான கல்வியும் பாளையங்கோட்டையில் பழையது. 1890-களிலேயே ஸ்வெய்ன்சன் அம்மையார் அங்கே தொடங்கிவிட்டார். அப்போது கருவி என்று எதுவும் இல்லை, உதட்டசைவும் கைச்சைகையும்தான். 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, 1950-களின் தொடக்கத்தில் அது காது கருவிக்குள் வந்தபோது நிலைமை மாறியது. பெரிய பேட்டரியைச் சுமக்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் ஒரு டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். நம் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் கண்ட காட்சி இதுதான். பிறகு காதின் பின்னால் மாட்டும் சிறிய கருவி வந்தது. வகுப்பறை இரைச்சலில் ஆசிரியர் குரல் மட்டும் பிள்ளையின் காதுக்குத் தனியாகப் போகும்படி, ஆசிரியர் கழுத்தில் மைக் மாட்டும் முறையும் வந்தது.

சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, பள்ளி வயதுக்கு முன்பே, கைக்குழந்தையாக இருக்கும்போதே காது கருவி மாட்டித் தாயையும் கூட உட்கார வைத்துப் பேசக் கற்றுத் தந்தது. கேட்கும் திறன் மூளையில் வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான் என்பதால் இது பெரிய திருப்பம். கேரளத்தில் 1997-ல் திருவனந்தபுரத்தில் நிஷ் என்ற பேச்சு-கேள்வி நிறுவனம் வந்தது. 2012-ல் ஸ்ருதிதரங்கம் திட்டம் வந்து, ஐந்து வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கும் அரசு செலவில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, லட்சக்கணக்கில் செலவாகும் காரியம் அது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்தது என்றால் நம் நாட்டில் பெரிய விஷயம்.

ஆனால் கருவி ஒலியைத்தான் கொடுக்கும். அந்த ஒலி சொல்லாக மாற வேண்டுமானால் யாராவது ஓயாமல் பேச வேண்டும். இங்கேதான் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூணாறுப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் துணி மூட்டை போட்டு விற்கும் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். அவர் பேரனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் காக்ளியர் பொருத்தினார்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில், "வீட்டில் மலையாளம் மட்டும் பேசுங்க, இரண்டு மொழி பேசினா குழந்தை குழம்பிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தத் தாய்க்குத் தெரிந்த மலையாளம் கொழுந்து எடைபோடும் இடத்தில் பேசுகிற பத்துச் சொல். தாத்தாவுக்கு அதுவும் இல்லை. விளைவு என்னவென்றால், அந்த வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் வசூலுக்குப் போன ஒரு நாள், பையன் திண்ணையில் விளையாடுகிறான், தாத்தா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றேன். "தப்பா எதுனா பேசிட்டா அவனுக்குக் கெட்டுப் போயிடும்னு சொல்லிருக்காங்க முதலாளி" என்றார். காது கேட்பதற்காக இவ்வளவு பாடுபட்டு, கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

ஒரு வருஷம் கழித்து வேறொரு பயிற்சியாளர், "உங்களுக்கு எது நல்லா வருமோ அதுலயே நிறையப் பேசுங்க, கதை சொல்லுங்க, பாட்டுப் பாடுங்க" என்று சொன்ன பிறகுதான் வீடு திரும்பவும் வீடாயிற்று. பையன் முதலில் சொன்ன தெளிவான சொல் 'தாத்தா'. மலையாளம் பிறகு பள்ளியில் தானாக வந்தது. இன்றைக்குப் பேச்சுப் பயிற்சித் துறையில் உலகளவில் சொல்வதும் இதைத்தான்: பெற்றோர் சரளமாகப் பேசும் மொழியைக் கைவிடச் சொல்லாதே, ஒரு மொழி நன்றாக ஊன்றினால் இன்னொன்று அதன் மேல் ஏறும். மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதே அறிவுரை இந்தி, கன்னடம், ஆங்கிலம் என்று வேறு வேறு பெயரில் வரக்கூடும். அப்போது மூணாற்றுத் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சிறிய விஷயம் போலத் தோன்றும். மலைப் பக்கத்து மழையில் இந்தக் கருவிகளுக்கு ஈரம்தான் எமன். இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரியும் ஒயரும் கைவசம் இருக்க வேண்டும். கருவி பழுதாகி அலமாரியில் கிடக்கும் நாளெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் விடுமுறை மாதிரிதான்.

வாய்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பலருக்கு அறிவு நன்றாக இருக்கும். நாக்கும் உதடும் ஒத்துழைக்காது. மனதில் உள்ளதைச் சொல்ல முடியாததால் ஒன்றும் தெரியாத பிள்ளை என்று ஒதுக்கிவிடுவார்கள். இவர்களுக்காக மும்பையில் 1972-லும் சென்னையில் 1985-லும் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டிகள் தோன்றின. சென்னையில் இருப்பது இன்று வித்யாசாகர் என்று அறியப்படுகிறது. முதலில் அட்டையில் ஒட்டிய படங்கள்தான் கருவி. பிள்ளை படத்தைக் காட்டும், இல்லை, கண்ணால் பார்க்கும், ஆசிரியர் புரிந்துகொள்வார்.

அந்த அட்டைக்குக் குரல் கொடுத்தவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன். அவருடைய இன்வென்ஷன் லேப்ஸ், வித்யாசாகருடன் சேர்ந்து உழைத்து, 2010-ஐ ஒட்டி ஆவாஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. படத்தைத் தொட்டால் கருவி பேசும். கை முழுதும் வராத பிள்ளைக்கு ஒரு பொத்தானை அழுத்தும் அசைவு இருந்தால்கூடப் போதும். பிறகு அதுவே பலகைக் கணினியில் செயலியாக வந்தது.

இங்கும் மொழிச் சிக்கல் உண்டு. ஆங்கிலப் பட வரிசையில் நான், வேண்டும், தண்ணீர் என்று மூன்று படத்தைத் தொட்டால் வாக்கியம் ஆகிவிடும். தமிழில் 'நான் வேண்டும் தண்ணீர்' என்று யார் பேசுகிறார்கள்? 'எனக்குத் தண்ணி வேணும்' என்கிறோம். நான் என்பது எனக்கு என்று மாற வேண்டும், வேணும் என்பது கடைசியில் வர வேண்டும். வேற்றுமை உருபு தெரியாத பொறி தமிழ் பேச முடியாது. நம் எல்லையில் இன்னொரு வேடிக்கை. மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கும் பிள்ளைக்காக மலையாளக் கருவி 'வெள்ளம்' என்றால், தமிழ் வீட்டுப் பாட்டி ஆற்றைப் பார்க்க ஓடுவாள். சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் பெரிது. பிள்ளையின் குரலாகக் கருவி இருக்க வேண்டுமானால், பிள்ளை வீட்டில் கேட்கிற சொல்லே அதில் இருக்க வேண்டும்.

கணினி வாசித்துக் காட்டுவதும் இப்படியே. எழுத்தை ஒலியாக்கும் மென்பொருள்கள் முதலில் ஆங்கிலம் மட்டுமே பேசின. அவற்றின் விலையும் யானை விலை. 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் மைக்கேல் கர்ரனும் ஜேம்ஸ் டேயும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். ஈஸ்பீக் என்ற இலவசக் குரல்பொறியில் தமிழும் மலையாளமும் சேர்ந்தன. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஹேமா மூர்த்தி முதலானோர் இந்திய மொழிகளுக்கு இயல்பான குரல் செய்து அதோடு இணைத்தார்கள். இன்று சாதாரண ஆண்ட்ராய்டு போனே தமிழில் வாசிக்கிறது. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-ல் கைட் நிறுவனமாகி, 45,000 வகுப்பறைகளில் கணினியும் திரையும் வந்துவிட்டன. கணினி வந்துவிட்டது. அது தமிழ்வழி வகுப்பில் தமிழ் பேசுகிறதா என்று போய்க் கேட்பது நம் வேலை.

கருவி என்றால் விலையுயர்ந்த மின்பொறி என்று நினைத்துவிடக் கூடாது. நான் ஜவுளிக்காரன் ஆகையால் ஒன்று சொல்கிறேன். பென்சிலைப் பிடிக்க முடியாத கைக்கு, பென்சிலில் நாலு சுற்றுத் துணி சுற்றிக் கொடுத்தால் அதுவும் கருவிதான். சாய்ந்து விழும் பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் ஒரு பட்டையும் கருவிதான். மூணாறில் ஸ்ருஷ்டி என்ற அமைப்பை எனக்கு அறிமுகப்படுத்தியதும் துணியே. ஆரண்யா என்ற பெயரில் இயற்கைச் சாயமிட்ட துணி ஒன்றைக் கண்டு, யார் செய்தது என்று விசாரித்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் மாற்றுத் திறனோடு பிறந்த பிள்ளைகளுக்காக 1991-ல் தொடங்கிய அமைப்பு அது. சிறு பிள்ளைகளுக்கு டேர் என்ற பள்ளி; வளர்ந்தவர்களுக்குச் சாயப் பட்டறை, காகிதக் கூடம், ஸ்ட்ராபெர்ரி ஜாம். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். ஒரு காலத்தில் லயத்து அறைக்குள் பூட்டி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி பிறந்தது.

கேட்டுப் பெற வேண்டியவை

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1974-லேயே மத்திய அரசு இந்தப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்கும் திட்டம் கொண்டுவந்தது. 1995-ல் ஒரு சட்டம், 2009-ல் கல்வி உரிமைச் சட்டம், 2016-ல் 21 வகைக் குறைபாடுகளை உள்ளடக்கிய புதிய சட்டம். கருவி தருவதற்கு 1981 முதல் அடிப் என்ற மத்தியத் திட்டம் உண்டு. கேரளத்தில் வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் அங்கே போய் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: என் பிள்ளைக்கு ஏற்ற கருவி எது? அது எங்கள் வீட்டு மொழியில் பேசுமா? பழுதானால் யார் பார்ப்பார்கள்?

சங்கம் செய்யக் கூடியதும் ஒன்று இருக்கிறது. நம்மில் நன்றாகத் தமிழ் வாசிப்பவர்கள் கேரளத் தமிழ்ப் பாடநூல்களைப் பாடம் பாடமாகக் குரலில் பதிவு செய்து கொடுக்கலாம். யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தால் பிரெயிலுக்கும் ஆகும், கணினிக் குரலுக்கும் ஆகும். பெரியவர்கள் வாசிக்கட்டும், கல்லூரிப் பிள்ளைகள் தட்டச்சு செய்யட்டும். சாத்திர தானத்துக்கு இதைவிட நேர் வழி எனக்குத் தெரியவில்லை.

என் தங்கை 2016-ல் காலமானாள். பாலக்காட்டுக்கு வரும்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து அந்த அட்டையை எடுத்துத் தடவுவாள். அ இருந்த இடத்தில் புள்ளி இப்போது மழுங்கிவிட்டது. இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில், அக்கம் பக்கத்தில், ஐந்து ஆறு வயதில் பார்வை குறைந்த பிள்ளை யாராவது இருந்தால் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். சட்டப் பலகைக்கும் ஊசிக்கும் ஆகும் செலவு என் கடைக் கணக்கில் சேரட்டும். எழுத்து சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்கும்வரை, தமிழ் நெடுங்கணக்கை நானே குத்திக் கொடுக்கிறேன்.